மாடிக்குப் போன சுவிட்ச்

காலை 10.40. முதலில் கண்ணில் பட்டது மின்கம்பத்தில் சாய்த்திருந்த ஏணி. அதில் யாரும் இல்லை. லைன்மேன் என் வீட்டு மீட்டருக்கு முன்னால் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னார்குடியில் எங்கள் தெருவில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. டிரான்ஸ்பார்மரில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் அவர் வந்திருந்தார். ஆனால் தெருவில் சோலார் வைத்திருப்பது என் வீடு மட்டும்; அதிலிருந்து தெருக்கம்பிக்கு மின்சாரம் திரும்பி வரலாம். சோலார் உள்ள வீட்டில், மீட்டருக்குப் பக்கத்தில், லைன்மேன் தன் கையால் அணைத்துப் பூட்டும்படி ஒரு சுவிட்ச் இருக்கவேண்டும் என்பது விதி. சுவரில் எச்சரிக்கை ஸ்டிக்கர் இருந்தது. அதன் கீழே நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

"இங்க இருந்த சுவிட்ச் எங்க சார்?"

மாடியில் என்றேன். ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்துக் கையெழுத்திட்டுப் போன மறு மாதம், தெருவில் போன யாரோ அதைத் தட்டி அணைத்துவிட்டார்கள். சோலார் ஓடாததை இரண்டு நாள் கவனிக்கவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அதை மாடியில் இன்வெர்ட்டர் பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். அவர் பழையதைக் கழற்றிவிட்டுச் சாதாரண பிரேக்கர் ஒன்றைப் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

லைன்மேன் மாடி ஏறி வந்து பார்த்தார். சின்னப் பூட்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். பிரேக்கரில் பூட்டை மாட்ட இடம் இல்லை.

"கரன்ட் போனா இன்வெர்ட்டர் தானா நின்னுடும். நானும் கையால அணைச்சுட்டேன்" என்றேன்.

"நிக்கும் சார். நிக்கலன்னா மேல இருக்கறது நானு."

கீழே எதிர்வீட்டுக்காரர் காத்திருந்தார். அன்றிரவு திருச்சியிலிருந்து அவருக்குக் குவைத் விமானம். இரண்டு மணிக்குக் கார் வரும். எடுத்துப்போக வேண்டிய சட்டைகள் முழுக்க வாஷிங் மெஷினுக்குள் தண்ணீரோடு நின்றுவிட்டன.

"அண்ணே, மெஷின் கதவு தொறக்கவே மாட்டேங்குது. ஏறுங்கண்ணே. சார் பத்திரிகையில இருந்தவரு, பொய் சொல்ல மாட்டாரு."

"பத்திரிகையில இருந்தவருங்கறதாலதான் பயமா இருக்கு பாய்."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். லைன்மேன் சிரிக்காமல் இடது கையை நீட்டிக் காட்டினார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"புயலப்போ ஒரு வீட்டு ஜெனரேட்டர். வீட்டுக்காரரு அணைச்சுட்டேன்னாரு. அணைச்சுத்தான் இருந்தாரு. அவரு மாமியா டேங்குக்குத் தண்ணி ஏத்தணும்னு மறுபடி போட்டுட்டாங்க."

என் வீட்டு ஃபியூஸையே பிடுங்கிவிடலாமா என்று அலுவலகத்துக்குப் போன் செய்தார். அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், கூப்பிடுவார் என்றார்கள். லைன்மேன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

நான் மாடிக்குப் போய் பிரேக்கரைப் பார்த்தேன். அணைந்திருந்தது. கீழே வந்ததும், சரியாகப் பார்த்தோமா என்று தோன்றியது. மறுபடி ஏறினேன். நான்கு முறை போய்வந்தேன். இன்வெர்ட்டர் அறைப் பக்கம் துடைப்பத்தோடு போன மனைவியிடம் எதையும் தொடாதே என்று கத்தினேன்.

"காலையிலேர்ந்து அதத் தொட்டுட்டு இருக்கறது நீங்கதான்" என்றாள்.

எதிர்வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஏணியைப் பார்ப்பதுமாக இருந்தார். "ஈரச் சட்டையோட ஏறினா ஃபிளைட்ல விடுவாங்களா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

11.55க்குப் போன் வந்தது. லைன்மேன் எழுந்து, மீட்டருக்குக் கீழே இருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டினார்.

"பூட்டுப் போடற சுவிட்சைக் கீழ கொண்டாந்து மாட்டிட்டு ஆபீஸ்ல சொல்லுங்க சார். அப்ப தரேன்."

கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, அதைத் தரையோடு இணைத்துவிட்டு, ஏணியில் ஏறினார்.

12.50க்கு, என் வீட்டைத் தவிர, தெருவில் மின்சாரம் வந்தது. எதிர்வீட்டுக்காரர் ஈரச் சட்டைகளைக் காரின் பின்சீட்டில் விரித்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் எலக்ட்ரீஷியன் திருத்துறைப்பூண்டியில் வேறொரு வேலையில் இருந்தார். நான்காம் நாள் வந்தார்.