பேச்சியம்மாள் சேவலின் ஒரு சொட்டு ரத்தம்

கம்பவுண்டர் சுப்பையா தவறிவிட்டார் என்ற கார்டு எனக்கு ஐந்து நாள் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. என் பழைய விலாசத்துக்குப் போய், அங்கிருந்து மதுரைக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. ‘மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் விடிகாலையில் முடிந்துவிட்டது’ என்று அவர் வீட்டம்மா யாரையோ கொண்டு எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. ரத்தம் பார்த்தார்களா என்ற கேள்விதான் முதலில் வந்தது. ஊரில் உள்ள ஆடு, மாடு, கோழிக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்த்த மனிதருக்கு யாராவது ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார்களா? பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோது விசாரித்தேன். யாரும் பார்க்கவில்லை.

சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரியில் அவரை அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். சுதந்திரம் வந்த பிறகு நான் அங்கே டாக்டராகப் போனபோது, அவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். என் வயதுதான். யுத்த காலத்தில் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளுக்கு ரத்தம் எடுத்துப் பழகியவர். ஸ்லைடு என்கிற சின்னக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்துத் தேய்த்து, உலர்த்தி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பின் அடியில் வைப்பதை அவர் செய்வதுபோல் படித்த நானும் செய்ததில்லை. மற்றவர்கள் ஸ்லைடில் நம்பர் போடுவார்கள். இவர் சொந்தக்காரர் பெயரையும் பிராணியின் பெயரையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுவார். கேட்டால், “நம்பருக்கா ஐயா நோவு வருது?” என்பார்.

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பண்ணையார் தம் கிளியைக் கூண்டோடு காரில் கொண்டுவந்தார். இரை எடுக்காமல் சோர்ந்து கிடந்தது. ஜலதோஷம் என்று சொல்லி அனுப்பிவிட நான் தயாராக இருந்தேன். சுப்பையா அதன் கால் நகத்தின் நுனியை நறுக்கி ஒரு துளி எடுத்தார். அவ்வளவு சோர்ந்திருந்த கிளி தலையைத் தூக்கி, “ஏலே, கள்ளப்பயலே!” என்றது. பண்ணையார் வீட்டில் அன்றாடம் புழங்கும் வார்த்தை என்று புரிந்தது. பண்ணையார் முகம் சிவந்துவிட்டது. சுப்பையா சிரிக்காமல் ஸ்லைடைத் தேய்த்துக்கொண்டே, “என்னைய இல்ல ஐயா, டாக்டரத்தான் சொல்லுது” என்றார். அன்று ரத்தத்தில் கிருமி இருந்தது. என் ஜலதோஷம் பொய்த்தது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. “கழிச்சலும் சோர்வும் எல்லா நோவுக்கும் ஒண்ணுபோலத்தான் ஐயா இருக்கும். ரத்தத்துட்ட கேட்டாத்தான் பேரச் சொல்லும்” என்று மட்டும் சொன்னார். அடிக்கடி அவர் வாயில் வரும் பேச்சு அது. கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

அந்த எரிச்சலோடுதான் இளையரசனேந்தல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு அவரோடு போனேன். ஒரு தெருவில் கோழிகள் செத்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்திருந்தது. மழை பொய்த்து, பருத்தி கருகிப்போன வருஷம். பேச்சியம்மாள் என்ற பெண்ணுக்கு இருபதுக்கு மேல் கோழிகள். அந்த வீட்டுக் கஞ்சி அவற்றின் முட்டையிலிருந்துதான் வந்தது. நாங்கள் போனபோது பாதி செத்திருந்தன. மீதியில் நோய் வெளியே தெரிந்தது ஒரு சேவலுக்கு மட்டும். கொண்டை வெளுத்து, இறக்கை தொங்கி, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்துகொண்டு சுவரோரம் குந்தியிருந்தது. சுப்பையா ஊசியை எடுத்தார். பேச்சியம்மாள் ஓடிவந்து சேவலை மடியில் அணைத்துக்கொண்டாள்.

“சொடலமாடனுக்கு நேந்து விட்டது அண்ணாச்சி. கோயில் கொடைக்கு முன்னால ரத்தம் காட்டக் கூடாது. என் குடும்பத்துக்கு ஆகாது.”

நான் பொறுமை இழந்தேன். வெள்ளைக்கழிச்சல்தான், சந்தேகமே இல்லை என்றேன். அதற்கு மருந்து கிடையாது, ஊருக்கே பரவும், தெருவில் உள்ள கோழிகளை எல்லாம் இன்றே கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று சொன்னேன். சுப்பையா என்னைத் தனியே கூப்பிட்டு, “ஒரு நாள் பொறுங்க ஐயா. நான் அவட்ட பேசிப் பாக்கேன்” என்றார். “என்ன வே, சாமியாடிட்டயும் பேசப் போறீரா?” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் கோழிச் சத்தம் அடங்கிவிட்டது. பேச்சியம்மாள் சேவலை மட்டும் தானியக் குலுக்கைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டாள். நான் ஊர் திரும்பி, வெள்ளைக்கழிச்சல் என்று ஜில்லா ஆபீசுக்கு ரிப்போர்ட் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் சுப்பையா லீவு சொல்லிவிட்டுத் தனியாகச் சைக்கிளில் அங்கே போயிருக்கிறார். பேச்சியம்மாளிடம், “நீயும் வேண்டாம், நானும் வேண்டாம். சாமிட்டயே உத்தரவு கேப்போம்” என்றாராம். பலி கொடுக்குமுன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். பிராணி உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதையே ஒரு சொட்டு ரத்தத்துக்குக் கேட்டிருக்கிறார். முதல் தடவை தண்ணீர் தெளித்தாள், சேவல் அசையவில்லை. இரண்டாம் தடவையும் அசையவில்லை. ஊசியைப் பையில் வைத்துவிட்டு உச்சி வெயில்வரை அந்த முற்றத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். மூன்றாம் தடவை சிலுப்பியது.

“காய்ச்சல்ல கெடக்க சேவல் எப்படி வே சிலுப்பும்?” என்று பிறகு கேட்டேன்.

“குளிர்ல நடுங்கிச்சோ, சாமி குடுத்துச்சோ, அது எனக்கெதுக்கு ஐயா? அவ கையாலயே றெக்கைய விரிச்சுப் பிடிச்சா. அது போதும்லா.”

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்துவிட்டு, “பாருங்க” என்று மட்டும் சொல்லி விலகி நின்றார். ரத்த அணுக்களுக்கு நடுவே திருகிய நூல் துணுக்குகள் போல நிறையக் கிருமிகள் கிடந்தன. வெள்ளைக்கழிச்சல் இல்லை. உண்ணி கடித்து வரும் காய்ச்சல். ஊசி போட்டால் பிழைக்கும். நாங்கள் புதைத்த கோழிகளில் பெரும்பாலானவை நோயே வராதவை. நம்பாமல் நான் ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில், அது பார்வையைவிட்டு விலகியது. அவர் சரிசெய்து மறுபடி வைத்தார்.

“வே, ரிப்போர்ட் போயிட்டு. இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்” என்றேன்.

“நம்மளோட போயிரும் ஐயா. ஆனா உண்ணி போகாதே” என்றார்.

அதுதான் உண்மை. பகலில் கூட்டின் வெடிப்புகளில் ஒளிந்திருந்து ராத்திரியில் கடிக்கிற பூச்சி அது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாது. அந்த ஊர்க்காரர்கள் புதுக் கோழி வாங்கிவிட்டால் அவையும் சாகும். “எப்படியாவது செய்யும் வே, என் பேரு வரக்கூடாது” என்றேன். இந்த வாக்கியத்தை எழுதவே எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கிய பெனிசிலினைச் சேவலுக்குப் போட்டார். அது பிழைத்தது. பிறகு மூன்று நாள் அந்தத் தெருவிலேயே கிடந்து, மண் கூடுகளை இடித்து, கொதிநீர் ஊற்றி, வெடிப்புகளைச் சுண்ணாம்பு வைத்துப் பூசினார். ஊராரிடம் என்ன காரணம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், அந்த ஊர்ப்பக்கம் போகும் குருவிகுளம் வண்டியிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, “ஏ, கோழியக் கொன்ன கம்பவுண்டரு!” என்று கத்தினான். வழக்கமான கேலி என்று நினைத்து நானும் சிரித்தேன். சுப்பையா குனிந்து சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் அவர் வீட்டம்மா ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். “இது ஆஸ்பத்திரிச் சாமானாம். ஐயாட்டதான் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாவ” என்றார். பிரித்தேன். அந்த ஸ்லைடு. அவர் கையெழுத்தில் ஒட்டிய தாள்: ‘பேச்சியம்மாள். சேவல். உத்தரவு கிடைத்தது.’

அதை வைத்துக்கொண்டு நான் வாசலுக்கு வந்தபோது துக்கம் விசாரிக்க வந்த பேச்சியம்மாளே நின்றுகொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“பாவம் டாக்டரையா, நல்ல மனுசன். உங்க மேல தப்பே இல்லியாம், தாந்தான் முன்னாலயே வெள்ளைக்கழிச்சல்னு உங்கள்ட்ட நோவ மாத்திச் சொல்லிட்டதாத் தெருவுல நின்னு ஒத்துக்கிட்டாரு. கேட்டதும் ஆளாளுக்கு ஏசினோம். நான் மண்ண வாரித் தூத்தினேன். அதுக்கப்பறம் எத்தனையோ தடவ எங்க ஊருக்கு வந்தாரு. தண்ணி வேணுமான்னுகூட நான் கேட்டதில்ல.”

அந்த இடத்தில் மறுபடியும் பேசாமல் இருந்துவிட முடியும் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். பிறகு ஸ்லைடை அவள் கையில் கொடுத்தேன். தப்பு என்னுடையது, அவர் தடுத்தார், நான் கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதில் என்ன தெரியும்? திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“இத அவரு உசுரோட இருக்கையில சொல்லிருக்கலாம்லா? ஒரு தடவையாவது, வாங்க அண்ணாச்சின்னு சொல்லிருப்பேன்.”

இப்போது ஸ்லைடு என் மேஜையில் இருக்கிறது. சாயம் வெளுத்து, கிருமிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் எழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. சுப்பையாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கண்ணாடித் துண்டும், பேச்சியம்மாள் கேட்ட அந்தக் கேள்வியும்தான். அவள் ஒருத்தியிடம் சொன்னது போதாது. அந்தத் தெரு முழுவதும் நின்றுதானே அவரை ஏசியது. அந்த ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால், தெருவில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள்: உங்கள் கோழிகளைக் கொன்றவர் கம்பவுண்டர் இல்லை. நான்.