சந்திரகிரிக்கு முன்னாடி வந்த டக் டக்

நேத்து வாங்கின செகண்ட் ஹேண்ட் கார். இன்னிக்குக் காலையில சித்தூர்ல பூஜை போட்டுட்டு, முதல் தடவையா நானே திருப்பதிக்கு ஓட்டிக்கினு கெளம்பினேன்.

ஊரைத் தாண்டினதும் இடது பக்கம் டக் டக்குனு ஒரு சத்தம்.

பக்கத்துல உக்காந்துக்கினு இருந்த எங்க வீட்டுக்காரர், "இன்ஜின் போச்சு. எறங்கு, நான் ஓட்டறேன்"னார்.

இன்னிக்கு ஸ்டியரிங்கைக் குடுத்தா, அப்புறம் அது எனக்குத் திரும்பி வராது. "நானே கண்டுபிடிக்கறேன்"ன்னேன்.

ஜன்னலை இறக்கினேன். வேகமா போனா டக் டக்கும் வேகமாவுது. மெதுவா போனா அதுவும் மெதுவாவுது. நியூட்ரல்ல விட்டுப் பாத்தேன். இன்ஜின் சத்தம் அடங்கிச்சு, டக் டக் அடங்கல. அப்போ இன்ஜின் இல்ல, சக்கரம்தான்.

"திஷ்டி. சந்திரகிரியில இன்னொரு தேங்கா ஒடச்சிடலாம்"னார்.

சந்திரகிரியில ஓரங்கட்டினேன். அவர் தேங்கா வாங்கப் போனார். நான் குனிஞ்சு முன் டயரைத் தடவிப் பாத்தேன். டயர் இடுக்குல என்னமோ சிக்கிக்கினு இருந்தது. கல்லுன்னு நெனச்சு ஸ்க்ரூடிரைவரால நெம்பி எடுத்தேன்.

கல்லு இல்ல. தேங்கா ஓட்டுச் சில்லு. காலையில திஷ்டி கழியணும்னு காருக்கு முன்னாடி அவர் ஓங்கி ஒடச்ச அதே தேங்கா.

புதுத் தேங்காயோட வந்தவர் கிட்ட அதை நீட்டினேன். இடது பக்கம் ஏறி உக்காந்து, திருப்பதி வரைக்கும் தேங்காயை மடியில வெச்சுக்கினு வந்தார்.

திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டப் போறேன். அந்தத் தேங்காயை என்ன பண்ணலாம்னு மட்டும் சொல்லுங்க. கார் முன்னாடி ஒடைக்கறதைத் தவிர.