மதலேன் அக்கா பந்தி போட்ட இடம்

மதலேன் அக்காவிடம் ஒரு காரியத்தை வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பதைவிட, கூடச் சேர்ந்து அதைச் செய்து தொலைத்துவிடுவது சுலபம். மைசூரில் பிலோமினா கோவிலுக்குப் பின்பக்கத் தெருவில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைக்கிறாள். லைன்மேனாக இருந்த புருஷன் போன பிறகு தனி ஆள். தனி ஆள் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்; தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் ஆண்டவரோடு ஓயாத பேச்சு. நூல் அறுந்தால் அவரிடம் புகார், மறுபடி கோத்துவிட்டால் அவருக்கே நன்றி. நான் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள், சாமியிடம் வருஷத்துக்கு ஒருமுறை மனுப் போடுகிற ரகம். அவள் பேச்சு எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

மார்ச் பத்தொன்பது, இயேசுவை வளர்த்த தகப்பனார் சூசையப்பரின் திருநாள். அன்று அக்கா முன்பின் தெரியாத மூன்று பேரை வீட்டுக்கு அழைத்து வருவாள். ஒரு பெரியவர், ஒரு பெண், ஒரு குழந்தை. அன்றைக்கு அவர்கள்தான் சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு. கால் கழுவி, இலை போட்டு, அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அக்கா வாயில் ஒரு பருக்கை போகும்.

"இது என்னக்கா வேண்டுதல்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல, அன்னம். வருஷம் பூரா நாம அவர் வீட்டுக்குப் போறோம். ஒரு நாளாவது அவர் நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிடட்டுமே."

இந்த வருஷம் பார்த்து அதே நாளில் யுகாதியும் வந்து விழுந்தது. ஊரெல்லாம் மாவிலைத் தோரணம், ஒப்பட்டுப் போளி வாசனை. பண்டிகை நாளில் யார் அடுத்தவர் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள்? நானும் துணைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் அக்கா கேட்டவர்களெல்லாம் ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார்கள். ஒருத்தி அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை பிடிக்கிறவன்னு நெனச்சுட்டாக்கா" என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, மூட்டு வலி வேறு. "இந்த வருஷம் வராமலே இருந்துடுவாரோ, அன்னம்?" என்றாள். என் கேலியெல்லாம் அத்தோடு அடங்கிவிட்டது.

பண்டிகை என்றாலும் வீட்டுக்குப் போக முடியாதவர்கள் எங்கே இருப்பார்கள் என்று யோசித்தேன். அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவை விடச் சொன்னேன்.

அங்கே மரத்தடி பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். கரியப்பன், அவர் மனைவி லிங்கம்மா, அவள் மடியில் பேத்தி அஷ்வினி. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம்; விடிகாலையில் ஆம்புலன்ஸில் வந்தவர்கள். மகள் மீனாவுக்கு இது இரண்டாவது பிரசவம். ரத்த அழுத்தம் ஏறிப்போய் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மருமகன் ரத்தத்துக்காக ஓடியிருந்தார். அக்கா விஷயத்தைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டதும் கரியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. மீனா கூட வந்தவங்க யாருன்னு உள்ளிருந்து கூப்புடுவாங்க. அப்ப நான் இங்க இல்லீன்னா எப்படீங்க? ரெண்டு உசுரும் தங்குமான்னே தெரியலீங்க. சோறு எப்படீங்க எறங்கும்?"

அக்கா அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவளோ என் கையைப் பிடித்து ஆட்டோவுக்கு இழுத்தாள். "அவரால வர முடியலன்னா நாம வருவோம். எல்லாத்தையும் இங்கயே கொண்டு வந்துடலாம், வா."

கொண்டு வந்தோம். இலைக்கட்டு, சோறு, சாம்பார், பீன்ஸ் பல்யா, பாயசம், என் வீட்டு ஒப்பட்டு, கால் கழுவப் பித்தளைத் தாம்பாளம். ஆட்டோ குலுங்கிய குலுங்கலில் என் பண்டிகைச் சேலை முக்கால் பங்கு சாம்பார் குடித்தது. இங்கே சாப்பிடக் கூடாது என்று கேட்டில் காவலாளி மறித்தார். அக்கா அவர் கையில் ஓர் ஒப்பட்டை வைத்தாள். அவர் தெருப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

இலை போட்டு, சோறு வைத்து, கால் கழுவ அக்கா குனிந்தாள். கரியப்பன் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "ஐயோ, நீங்க பெரியவங்க! எங்காலப் போயித் தொடறீங்களே!"

"இன்னிக்கு நீங்கதான் பெரியவர். குடுங்க அய்யா."

வலிக்கிற முட்டியைச் சிமெண்ட் தரையில் ஊன்றிக்கொண்டு கழுவினாள். வாய் வழக்கம்போல் முணுமுணுத்தது. "சூசையப்பரே, பிரசவத்துக்கு இடம் தேடி ஊர் விட்டு ஊர் வந்து அலைஞ்சவர் நீர். இந்த மனுஷன் மனசு உமக்குத் தெரியாதா? மீனாவப் பாத்துக்கும். வயித்துப் பிள்ளையப் பாத்துக்கும்."

அவள் யாரிடம் பேசுகிறாள் என்று கரியப்பனுக்குப் புரிந்ததோ என்னவோ. மகள் பெயர் காதில் விழுந்த பிறகு அவர் காலை இழுக்கவில்லை.

"மீனா கடெயவரு யாரு?" என்று மீனாவோடு வந்தவர்களை உள்ளேயிருந்து நர்ஸ் கன்னடத்தில் கூப்பிட்டாள். கரியப்பன் ஈரக் காலோடு ஓடினார். லிங்கம்மா என் கையை நெரித்துவிடுவதுபோல் பிடித்துக்கொண்டாள். அக்கா மண்டியிட்ட இடத்தைவிட்டு அசையவில்லை. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நானும் என் சாமிகள் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

கரியப்பன் திரும்பி வந்தபோது அவர் முகமே சொல்லிவிட்டது.

"பொம்பளப் புள்ளீங்க! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாமா!"

லிங்கம்மா பேத்தியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க அய்யா, இப்ப எறங்கும்" என்றாள். அவர் உட்காரவில்லை.

"பொறந்த சேதி கேட்டவங்க வாயில சக்கரை போடோணுமுங்க. எங்கூட்டு வழக்கம்" என்றார். சர்க்கரைக்கு அவர் எங்கே போவார்? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பாயசத்தில் கரண்டியை விட்டு எடுத்து, அக்காவின் வாய்ப் பக்கம் நீட்டினார்.

அவர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் அக்கா எதையும் தொட்டதில்லை. வேண்டாம் என்று தலையாட்டப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் தரையில் இருந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும்போது திறப்பதுபோல வாயைத் திறந்தாள். கரியப்பன் ஊட்டினார்.

பாயசத்தை விழுங்கிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"ஊட்டிட்டாரு, அன்னம்" என்றாள். "அவரே எனக்கு ஊட்டிட்டாரு."