செல்லமுத்து அண்ணன் பார்த்த திமிங்கலம்

பசிபிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவின் மேற்குக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தோம். கப்பலில் இணையம் பழுதாகிக் கிடந்ததால் யாருக்கும் வீட்டுச் செய்தி எதுவும் வந்திருக்கவில்லை. கரையின் சிக்னல் கிடைத்ததும் எல்லோருடைய கைபேசிகளும் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. எனக்கு வந்து குவிந்தவற்றில் செல்லமுத்து அண்ணனின் மகள் இலக்கியாவின் செய்தியும் இருந்தது. “சித்தப்பா, அப்பா தவறிட்டாங்க. நேத்து சாயங்காலம் எடுத்துட்டோம்.” அதை அவள் அனுப்பிச் சில நாட்கள் ஆகியிருந்தன.

வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடையில் அந்தக் கரையோரம் மூடுபனி கடலோடு ஒட்டிக் கிடக்கும். அன்று கப்பலின் முகப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. நெருங்கியவர்களின் சாவுக்குப் போக முடியாமல் போவது எங்கள் தொழிலில் புதிதல்ல. ஆனால் இந்தச் செய்தி வேறு ஏதாவது கடலில் வந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். செல்லமுத்து அண்ணனின் கப்பல் வாழ்க்கை முடிந்துபோனது இதே கரையில்தான்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவர் சின்ன வெங்காயம் போடுகிற செல்லமுத்து. பெரம்பலூர் உழவர் சந்தையில் தராசுக்குப் பின்னால் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவர் பல வருடம் சரக்குக் கப்பலில் மாலுமியாக இருந்தவர் என்பது சிலருக்குத் தெரியும். ஏன் திரும்பி வந்தார் என்பதைப் பற்றித்தான் ஆளுக்கொரு கதை. குடித்துவிட்டுத் தகராறு செய்தார் என்றார்கள். எதையோ திருடி மாட்டிக்கொண்டார் என்றுகூடச் சொன்னார்கள். அவர் எதையும் மறுத்ததில்லை. நான் அதே கப்பலில் இருந்தவன். இனிமேலாவது நடந்ததை நடந்தபடி சொல்லியாக வேண்டும்.

நான் அரியலூர்க்காரன். நாலாவது எஞ்சினியராக அந்தக் கப்பலில் ஏறிய அன்று, ஏணியில் என் பெட்டியை வாங்கிய மாலுமி அதில் ஒட்டியிருந்த பெயரையும் ஊரையும் படித்துவிட்டு, “அரியலூரா? டவுனா, உள்ளயா?” என்று தமிழில் கேட்டார். ரயிலடிக்குப் பக்கம் என்றேன். “ரயில் வச்சிருக்கற ஊரு. எங்களுக்கு பஸ்தான் சார்,” என்றார். வாலிகண்டபுரத்துக்கு அடுத்த சிற்றூர் அவருடையது. அவருடைய அப்பா வாழ்நாளெல்லாம் பிறர் காட்டில் கூலிக்குப் போனவர். கப்பல் சம்பளத்தில் அதே ஊரில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார் அண்ணன். வீடும் பாதி எழும்பியிருந்தது. மற்றவர்கள் எதிரில் நான் அவருக்கு சார், தனியாக இருந்தால் தம்பி.

அமெரிக்கக் கரைக்குக் கோடையில் போகும்போதெல்லாம் அவர் ஆளே மாறிவிடுவார். அவருக்கு வேலை பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டுகிற மேல் அறையில். தொலைநோக்கியோடு நின்று கடலில் எது தெரிந்தாலும் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். வேலை முடிந்தாலும் கீழே இறங்க மாட்டார். ஒருநாள் மாலை என்னை முகப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். எட்டிப் பார்த்தால், கப்பல் தள்ளுகிற அலையின் மேல் டால்பின்கள் சறுக்கிக்கொண்டு வந்தன. தூரத்திலிருந்து இன்னும் கூட்டம் கூட்டமாகத் தாவி வந்தன, திருவிழாவுக்கு நேரமாகிவிட்டதுபோல. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “இதுங்க ஒதுங்கிக்கும் தம்பி. விளையாடிட்டுப் போயிடும். பெருசுக்குத்தான் ஒதுங்கத் தெரியாது. அத இடிக்கிற அளவுக்கு அது காலத்துல ஒண்ணும் இருந்ததில்லயே,” என்றார்.

திமிங்கலங்களை அவர் மூச்சை வைத்தே அடையாளம் சொல்வார். நீலத் திமிங்கலத்தின் மூச்சு பனைமர உயரத்துக்கு நேராக எழும்பி நிற்கும். கூன் திமிங்கலம் விடுவது சோளம் தூற்றும்போது பறக்கிற பதர்போலத் தாழ்வாகப் பரவும். எங்கேயும் படித்ததில்லை, வருடாவருடம் பார்த்துப் பழகியதுதான். ஒருமுறை தாயும் கன்றும் கப்பலுக்குச் சற்று விலகிப் போவதை இருவரும் பார்த்தோம். கன்று இரண்டு மூன்று தடவை மூச்சு விடும்போது தாய் ஒரு தடவை விட்டது. அவை கண்ணுக்கு மறையும்வரை அண்ணன் கம்பியை விட்டு நகரவில்லை. பிறகு, “எங்க ஊட்டுல இதச் சொன்னா நம்ப மாட்டாங்க,” என்றார்.

அவர் கடைசியாகக் கப்பலில் இருந்த வருடம், கோடையில் அதே கரைக்கு வந்துகொண்டிருந்தோம். இந்தப் பகுதியில் திமிங்கலங்கள் இரை தேடுகின்றன, முடிந்தவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கரையிலிருந்து ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வேண்டுகோள், உத்தரவு அல்ல. துறைமுகத்துக்குள் கப்பலை அழைத்துப் போகிற பைலட் குறித்த நேரத்தில் காத்திருப்பார். அதைத் தவறவிட்டால் எங்கள் இடம் வேறு கப்பலுக்குப் போய்விடும். கேப்டன் வேகத்தைக் குறைக்கவில்லை. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, நேர் எதிரே, சற்று வலப்புறமாக, நேராக எழும்பிய ஒரு மூச்சை அண்ணன் பார்த்தார். கேப்டனிடம் சொன்னார். கேப்டன் தொலைநோக்கியை எடுக்காமலே, அது விலகிப் போய்விடும் என்றார். கூடவே அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். மூச்சு இன்னொரு முறை எழும்பியது, இன்னும் அருகில். அதன்பிறகு எழும்பவில்லை.

அப்போது நான் கீழே எஞ்சின் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பையில் டீ அசையக்கூட இல்லை.

துறைமுக வாயிலில் பைலட்டை ஏற்றிவந்த படகிலிருந்துதான் முதலில் சொன்னார்கள், உங்கள் கப்பலின் மூக்கில் ஏதோ இருக்கிறது என்று. நங்கூரத்தைத் தயார் செய்ய முகப்புக்குப் போயிருந்த அண்ணன் குனிந்து பார்த்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் நிமிர்ந்து நின்றிருந்தார். நீருக்குள் மூக்குப்போல நீண்டிருக்கும் இரும்பின் மேல் அது மடிந்து கிடந்தது. தொண்டையின் வெளுத்த வரிகள் மேலே தெரிந்தன. கப்பல் நகர நகர வால் அசைந்ததால் உயிர் இருக்கிறதோ என்று ஒரு கணம் நினைத்தேன். அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “எஞ்சின்ல ஒண்ணும் தெரியலயா?” இல்லை என்றேன். “ஒண்ணுமே?” என்றார் மறுபடியும்.

விசாரணைக்கு ஆட்கள் ஏறுவதற்கு முன் கேப்டன் எங்களை உணவறையில் கூட்டினார். மிரட்டவில்லை. காலையில் கடல் மங்கலாக இருந்தது, யாருடைய கண்ணிலும் எதுவும் படவில்லை, பார்க்காமல் போவது குற்றமில்லை என்று நிதானமாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். விசாரிக்க வந்தவர்களில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். எஞ்சின் எந்த வேகத்தில் ஓடியது என்று எங்களிடம் கேட்டார், சொன்னோம். அண்ணனிடம், ஏதாவது பார்த்தாயா என்று கேட்டார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பார்த்தேன், கேப்டனிடம் சொன்னேன் என்றார் அண்ணன்.

கேப்டனுக்கு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியவரவில்லை. அண்ணனுக்கு என்ன ஆனது என்பது தெரியும். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தார். அடுத்த கப்பலுக்காக ஏஜென்சி ஆபீஸுக்குப் போன் செய்யும்போதெல்லாம் சொல்கிறோம் என்றார்கள். வேறு ஏஜென்சிகளும் அதையே சொன்னார்கள். யாரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. பூசாத சுவரோடு வீடு நின்றது. நர்சிங் சேர்வதாக இருந்த இலக்கியா ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள். படிப்பு நாலைந்து வருடம் தள்ளித்தான் நடந்தது.

விடுமுறையில் நான் போயிருந்தபோது மலர்க்கொடி அண்ணி, அண்ணன் காதில் விழும்படியே என்னிடம் சொன்னார்: “உண்மையச் சொன்னாராம். செத்தது பொழைச்சி வந்துடுச்சா? உசுரோட இருக்கற எங்களத்தான் தண்ணியில தள்ளிட்டாரு.” அண்ணன் எழுந்து வெங்காயக் காட்டுப் பக்கம் நடந்தார். நானும் போனேன். நீங்கள் செய்தது பெரிய காரியம் என்று ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். நிறுத்தச் சொன்னார்.

“கரைக்கு வந்து சொன்னது ஒண்ணும் பெருசில்ல தம்பி. செத்ததுக்கப்புறம் யாரு வேணா சொல்லலாம். மேல நிக்கும்போது ஒரு தடவதான் சொன்னேன். அந்தாளு ஒரு பார்வ பார்த்தாரு, வாய மூடிக்கிட்டேன். ரெண்டாவது மூச்சு வந்தப்ப சத்தம் போட்டிருக்கணும்.”

அவ்வளவு பெரிய கப்பல் நிற்க வேண்டுமென்றால் மைல் கணக்கில் ஓடித்தான் நிற்கும், நீங்கள் கத்தியிருந்தாலும் நின்றிருக்காது என்றேன்.

“நின்னிருக்காது,” என்றார். “திரும்பியிருக்கும்.”



அந்தப் பக்கத்துக் காடுகளில் தண்ணீர் வராமல் கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகள் பல திறந்து கிடந்தன. ஒரு குழந்தை வழுக்கினால் போதும். அண்ணன் ஒவ்வொரு காட்டுக்காரராகப் போய் மூடச் சொன்னார். மூடாதவர்களிடம் மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். டீக்கடையில் அவரைக் கண்டாலே சிலர் எழுந்து போனார்கள். நிலபுலமுள்ள பெரிய குடும்பத்துக்காரர் ஒருவர் ஆள் கூடியிருந்த இடத்தில், “ஒரு தடவ சொன்னா பத்தாதா ஒனக்கு?” என்று சீறினார். “பத்தாதுங்க,” என்றார் அண்ணன். பணிவாகத்தான் சொன்னார், ஆனால் அங்கிருந்து நகரவில்லை. இந்த ஆளின் தொல்லை விட்டால் போதும் என்று அந்த வாரமே குழியைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தார்கள். ஒருவரும் விழவில்லை. விழாததால் ஒருவரும் அதற்காக அவரை நினைக்கவும் இல்லை. அதைச் சொல்லி நான் வருத்தப்பட்டபோது, “ஒண்ணும் நடக்காம இருக்கறதுதான் வேணும்,” என்றார். சொல்லும்போது முகத்தில் தெளிவு இல்லை. எத்தனை குழி அடைத்தாலும் அவருக்குள் ஏதோ ஒன்று அடைபடவில்லை.

இதய நோய் வந்த பிறகு அடிக்கடி போன் செய்வார். எந்தக் கடலில் இருக்கிறாய் என்று முதலில் கேட்பார். இந்தக் கடைசிப் பயணத்துக்கு முன் பேசியபோது, அந்தக் கரைக்குத்தான் போகிறோம் என்றேன். இப்போதெல்லாம் அங்கே மெதுவாகப் போகிறார்களா என்றார். எங்கள் கேப்டன் போவார் என்றேன். “எல்லாரும் போறாங்களா?” என்றார். இல்லை என்ற உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சிறிது நேரம் போனில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. சரி தம்பி, பார்த்துப் போ என்று வைத்துவிட்டார். அதுதான் கடைசிப் பேச்சு.

கப்பலை விட்டு இறங்கியதும் அரியலூர் வந்து, பெட்டியை வைத்துவிட்டுப் பெரம்பலூர் பஸ் ஏறினேன். காரியமெல்லாம் முடிந்திருந்தது. சுவர் இப்போது பூசியிருந்தது. இலக்கியாவின் சம்பளத்தில் பூசியதாம். அண்ணி என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். காலி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “அது எப்படித்தான் இருக்கும்?” என்று கேட்டார். எது என்று நான் கேட்கவில்லை.

சொன்னேன். பனைமர உயரத்துக்கு எழும்பும் மூச்சை, சறுக்கி வருகிற டால்பின்களை, தாயையும் கன்றையும், வேலை முடிந்தும் இறங்காமல் அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்பதை. இலக்கியாவும் அறை வாசலில் நின்று கேட்டாள். “இதெல்லாம் எங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்லயே,” என்றாள். “நாம எப்ப கேட்டோம்?” என்றார் அண்ணி.

பிறகு அந்தக் காலையைப் பற்றியும் கேட்டார். தயங்கினேன். சொல்லுங்கள் என்றார். முதல் மூச்சு, கேப்டனின் பார்வை, இரண்டாவது மூச்சு, கடைசிவரை அண்ணனை அரித்தது எது என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து, “அதுக்கா இத்தன வருசம் தூங்காம கெடந்தீங்க? நான் பேசுனதுக்குன்னுல்ல நெனச்சேன்,” என்றார்.

அண்ணியின் அந்த வார்த்தையை அண்ணன் உயிரோடு இருந்தபோது யாராவது அவரிடம் சேர்த்திருக்க வேண்டும். இனி முடியாது.

செல்லமுத்து அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்ள எந்தப் பொருளும் இல்லை. அவருக்கு இருந்த உறுத்தல் இருக்கிறது. அது தீர்ந்துபோகாமல் என்னிடம் இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த மாதம் நான் மறுபடியும் கப்பல் ஏறுகிறேன். புதுக் கேப்டன், ஒரு தடவை சொன்னால் கேட்பவரா என்று தெரியாது. நாங்கள் அந்தக் கரையை அடையும்போது அங்கே கோடை முடிந்திருக்காது, திமிங்கலங்கள் இன்னும் இரை தேடிக்கொண்டிருக்கும்.