யாரும் நடக்காத எழுநூறு மீட்டர்

மாலை 3.40. வங்காளத் தலைநகரின் சால்ட் லேக் பகுதியில் டாக்சி பிடித்தேன். சாந்த்ராகாச்சிக்கு ஐந்நூற்றிருபது ரூபாய். ஓர் அரசு அலுவலகத்தின் பட்ஜெட்டில் பெண்களின் தேவைக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சென்னையிலிருந்து வந்திருந்தேன். ஒரே ஒரு வரி உறுத்தியது. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டை ஒட்டிய குறுக்குவழிக்குக் கேட்டிருந்த தெருவிளக்குகளைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். காரணம்: 'போன வாரம் திங்கள் முதல் புதன் வரை மூன்று மாலை கணக்கெடுத்தோம். பெண்கள் நடமாட்டம் இல்லை.' நாளை காலை பத்து மணிக்குப் பட்டியல் முடிவாகிவிடும்.

5.30. விளக்கு கேட்டு மனுப் போட்ட மீனாட்சி ஸ்டேஷனில் காத்திருந்தார். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். பவானிபூரில் ஒரு கல்லூரியில் கிளார்க். டிசம்பர் மாதம், அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

"லைட் வரலைன்னா வேலையை விட்டுடுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு மேடம். பதினாலு வருஷ வேலை. நீங்களே நடந்து பாருங்க, வாங்க."

எழுநூறு மீட்டர்தான். ஒரு பக்கம் யார்டின் சுவர், மறுபக்கம் புதர் மண்டிய பள்ளம். கொஞ்ச தூரத்திலேயே சாலைச் சத்தம் கதவைச் சாத்தியதுபோல் நின்றுபோயிற்று. பனியில் டார்ச் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. எங்கள் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. நின்றேன், அதுவும் நின்றது. நடந்தேன்; அதுவும் வந்தது.

"மீனாட்சி, பின்னாடி யாரோ வர்றாங்க."

"ஆமா. திரும்பிடாதீங்க மேடம், அவங்க பயந்துக்குவாங்க."

ஐயோ சாமி, பயப்பட வேண்டியது நானா அவர்களா? ஒருவர் அல்ல, பலர். பேச்சில்லை, மூச்சுச் சத்தம் மட்டும். கோப்பில் குறை சொல்ல வந்தவளுக்கு இந்த வீராப்பு தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

5.50. மறுமுனைக் கடை வெளிச்சத்தில்தான் திரும்பிப் பார்த்தேன். ஒன்பது பெண்கள். தனியாக வரப் பயந்து, முன்னால் பெண்கள் யாராவது போகும்வரை அந்த முனையில் பதுங்கி நின்று, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவார்களாம். தினமும் இப்படித்தான், மீனாட்சியும்தான்.

"அப்ப போன வாரம் திங்கள், செவ்வாய், புதன் ஏன் ஒருத்தர்கூட வரலை?"

மீனாட்சி அதை வங்காள மொழியில் கேட்டார். எல்லாரும் வந்த வழியைக் கைகாட்டினார்கள். மீனாட்சியே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அந்த மூணு நாளும் பாதி வழியில ஒரு ஆம்பளை, இருட்டுல, கையில நோட்டோட அசையாம நின்னுட்டிருந்தான் மேடம். எல்லாரும் மெயின் ரோடு சுத்தித்தான் போனோம்."

மறுநாள் காலை 10.00. கூட்டத்தில் அதைச் சொன்னேன். கணக்கெடுத்தவர் நரைத்த தலை, மெல்லிய குரல், பரம சாது. "என்னைப் பார்த்தா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அவரே பேனாவை எடுத்து விளக்குகளை மறுபடி பட்டியலில் எழுதினார்.

மாலை விமானத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. சென்னையில் எத்தனையோ தெருமுனைகளில் நானும் ஆட்களை நிறுத்தி, 'பெண்கள் நடமாட்டம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கெல்லாம் எத்தனை பேர், எங்கள் ஆள் எப்போது போவான் என்று, இருட்டில் காத்து நின்றார்களோ.