முனெம்மா கட்டிலோரத்துத் தெலுங்கு

சித்தூரில் தெலுங்கர்கள் கண்ணைக் ‘கள்ளு’ என்பார்கள். காலைக் ‘காள்ளு’ என்பார்கள். நடுவில் ஒரு நெடில்தான் வித்தியாசம். அந்த நெடில் என் காதில் விழாததால், ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவரை மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொண்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழிய வேட்டியை முழங்கால்வரை தூக்கி, “இக்கடம்மா” என்று காட்டினார். வலி இங்கே, அம்மா.

ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். என்னைப்போல் இங்கே வந்து மாட்டிக்கொண்டவர்கள் சிரிக்கமாட்டார்கள். வாலாஜாபேட்டையிலிருந்து நான் நர்ஸ் வேலைக்கு இங்கு வந்தபோது எல்லாம் ஒரே மாகாணம். தமிழை வைத்தே காலம் தள்ளினேன். ஆந்திர ராஜ்யம் பிரிந்ததும் மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்: விருப்பமுள்ளவர்கள் மதராஸ் பக்கம் போகலாம், இருப்பவர்கள் தெலுங்குப் பரீட்சை தேறவேண்டும். மதராஸ் பக்கத்தில் எனக்காக ஒரு அத்தை மகன் காத்திருந்தார். அவருக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. பேச்சும் அந்த மில்லைப் போலவே நிற்காமல் ஓடும். அவரைவிடத் தெலுங்கு சுலபம் என்று எனக்குப் பட்டது.

படிப்பதென்று இறங்கியதும் ஆவேசம் வந்துவிட்டது. விடியுமுன் எழுத்து, டியூட்டிக்கு நடுவில் இலக்கணம், சாயங்காலம் வாத்தியார் வீட்டில் செய்யுள். தெலுங்கு மட்டும் போதுமா? சைக்கிள் தெரிந்தால் கிராமத்துப் பிரசவங்களுக்குப் போகலாம் என்று அதையும் ஆரம்பித்தேன். பிறகு டைப்ரைட்டிங். ஒரு காலை வீணாகக்கூடாதென்று வினைச்சொல் ஒப்பித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். எதிர்காலத்துக்கு வரும்போது பிரேக்கை மறந்து வெல்ல மண்டிக்குள் புகுந்தேன். என்னைத் தூக்கிவிட்ட மண்டிக்காரர் முதலில் வெல்லத்துக்கு அடிபட்டதா என்றுதான் பார்த்தார். அன்றைக்கு முழுக்க நான் போன இடமெல்லாம் எறும்பும் வந்தது.

பழைய பாடம் புதிதாய் வந்ததைத் தின்றது. வாய் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிந்தது. நோயாளியின் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கினேன். அவர்தான் அதை எடுத்து, என் தோளைத் தட்டி என் கையில் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் முனெம்மா வந்தாள். குப்பம் டவுனைத் தாண்டிக் குடுபல்லிப் பக்கம் ஊர், கூலி வேலை. புருஷனோடு காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைக் கும்பிட வந்த இடத்தில் வண்டிச்சக்கரம் பாதத்தில் ஏறிவிட்டது. காயத்தைத் திறந்து பார்த்தேன். அழகாக ஆறிக்கொண்டிருந்தது. நல்ல சேதியைத் தெலுங்கில் சொல்லும் ஆசையில், “காயம் நல்லகா உந்தி” என்றேன்.

தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு.

புருஷன் வெங்கடப்பா முகம் செத்துவிட்டது. கறுத்துப்போன காலை வெட்டித்தானே ஆகவேண்டும்? “கால் தீசேஸ்தாரா?” என்று அலறிக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினான். பயப்படாதே என்று சொல்வதாக நினைத்து நான் சிரித்தேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. முனெம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, என் காலு போச்சே! வேர்க்கடலை எவ புடுங்குவா? காலை வெட்டறதுக்கு இவ சிரிக்கிறாளே!”

“நீ தமிழா?” என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. “நீயும் தமிழா? அப்புறம் இன்னாத்துக்கு என்னாண்ட இந்தத் தெலுங்கைப் போட்டு சாவடிக்கறே?”

டாக்டர் ஓடிவந்து, காயத்தைப் பார்த்து, என்னையும் பார்த்தார். அவர் தெலுங்கர்; கோபம் வந்தால் எனக்காகத் தமிழுக்கு வருவார். “நர்ஸ், நீ தெலுகு நல்லாக் கத்துக்கோ. கானி... ஆனா, என் பேஷண்ட் பயத்துலே செத்துடக்கூடாது. போய்த் தூங்கு. எழுந்ததும் படிக்காதே, திரும்பவும் தூங்கு.”

தூங்கினேன். சைக்கிளை நிறுத்தினேன், டைப்ரைட்டிங்கையும் விட்டேன், வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். டியூட்டி முடிந்தால் போகுமிடமில்லாமல் முனெம்மா கட்டிலருகே நின்றேன்.

“குந்தும்மா. எப்பப் பாத்தாலும் எதையோ முணுமுணுத்துகினே சுத்தறே. இந்தா, ரெண்டு வாய் துன்னு” என்று களியை நீட்டினாள்.

அவளுக்குப் பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான். மாமியார் தெலுங்கு, அம்மா வீடு தமிழ், அதனால் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். கதையில் மாமியார் நுழைந்தால் தெலுங்கு, இவள் பதில் சொன்னால் தமிழ். சண்டை முற்றினால் இரண்டு பேருமே தெலுங்கு. புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். மறுநாள் வார்டில் அதை மட்டும் ஒரு நோயாளியிடம் சொல்லிப் பார்ப்பேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னால், அன்றைய படிப்பு முடிந்தது. வேறெதையும் தொடமாட்டேன். இவ்வளவு மெதுவாகப் போனால் பரீட்சை கைவிட்டுப் போகும் என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்ன சொல் மறுநாளும் வாயில் இருந்தது. அதுவே எனக்குப் புதுசு.

முனெம்மா நொண்டாமல் நடந்து ஊருக்குப் போனாள். நான் திருப்பதிக்குப் பரீட்சை எழுதப் போனேன். வாய்மொழித் தேர்வில் தங்கக் கண்ணாடி போட்ட ஒருவர், மருந்து குடிக்க மறுக்கும் நோயாளியிடம் என்ன சொல்வாய் என்று கேட்டார். வாத்தியார் தந்த செய்யுள் நடை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வந்தது முனெம்மாவின் மாமியார்தான்.

“ஏமே, நோரு தெருவு! தாகுதாவா, நீ மொகுடுனி பிலவாலா?”

வாயைத் திற, குடிக்கிறாயா, உன் புருஷனைக் கூப்பிடவா என்றுதான் அர்த்தம். ஆனால் நான் போட்ட சத்தத்தில் அவர் எதிரிலிருந்த காப்பியை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். பிறகு, இந்தத் தெலுங்கு எந்த ஊரில் கற்றது என்று விசாரித்தார். சொன்னேன். “பரீட்சைக்கு இது ஆகாது, ஆஸ்பத்திரிக்கு ஆகும்” என்று தேர்ச்சி போட்டார். சைக்கிளை அதன்பிறகுதான் மறுபடி எடுத்தேன், வாயை மூடிக்கொண்டு.

அத்தை மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். எல்லைப் பேச்சு ஓயவில்லை. எந்தத் தாலுகா யாருக்கு என்று இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள். போன பொங்கலுக்கு வாலாஜாபேட்டை போனபோது, காலையில் அண்ணி காப்பியை வைத்துவிட்டு, “தூக்கத்துல யாரையோ தெலுங்குல திட்டினியே, யாரு?” என்று கேட்டாள். சித்தூர் திரும்பியபின், என்னோடு தங்கியிருக்கும் சுசீலா என்கிற நர்ஸ், நான் தூக்கத்தில் தமிழில் தண்ணீர் கேட்பதாகவும், கொண்டுவந்தால் குடிக்காமல் திரும்பிப் படுத்துக்கொள்வதாகவும் புகார் சொன்னாள். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில், ஜன்னலில் தலைசாய்த்து நன்றாகத் தூங்கிவிடுகிறேன். அப்போது எந்தப் பாஷையில் பேசுகிறேன் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.