நியூட்ரலில் நிறுத்திய கார்

செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் கார்களுக்கு இடம் கிடையாது, ஆனால் கார்கள் உண்டு. உள்வரிசைக் கார்கள் சுவரைப் பார்த்து நிற்கும். வெளிவரிசைக் கார்கள் அவற்றின் வாலை அடைத்துக்கொண்டு குறுக்கே நிற்கும். வெளிவரிசைக்காரர்கள் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும். உள்ளே இருப்பவர் அதைக் கையால் நாலடி தள்ளிவிட்டுத் தன் காரை எடுத்துக்கொள்வார். மும்பையில் பல கட்டடங்களில் இதே ஏற்பாடுதான். என் காரை யார் யாரோ தொடுகிறார்களே என்று முதலில் எனக்கு வயிறு எரிந்தது, பிறகு பழகிவிட்டது.

எங்கள் கார் வெளிவரிசை. அது அடைத்துக்கொண்டு நின்றது கீழ்வீட்டு மாமாவின் காரை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். மாமா ரயில்வே ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மாட்டுங்காவில் ஒரு சின்ன சென்டரில் காலை ஏழு மணிக்கு அவருக்கு மிஷின். பதினொரு மணிக்கு அடுத்த ஆள் வந்துவிடுவார். தாமதமாகப் போனால் போன நேரம் போனதுதான், அந்த அளவுக்கு ரத்தம் சுத்தமாகாமலே வீடு திரும்ப வேண்டும். மாமிதான் கார் ஓட்டுவார். அதிகாலையில் வாட்ச்மேன் தண்ணீர் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான் என்பதால் எங்கள் காரையும் மாமியே தள்ளுவார்.

நான் தாராவிக்காரி. திருநெல்வேலியில் இருந்து வந்து தாராவியில் குடியேறியது எங்கள் அப்பா காலத்தில். ஐரோலியில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரானிக் போர்டுகளை டெஸ்ட் செய்து பாஸ் போடும் வேலை எனக்கு. செகண்ட் ஹாண்டாக இருந்தாலும் இந்தக் கார் எங்கள் குடும்பத்தில் முதல் கார். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு காரின் கண்ணாடியை உடைத்து ஸ்டீரியோவைக் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. குர்லாவில் ஒரு கடைக்குப் போய் அலாரமும், ரிமோட்டில் பூட்டித் திறக்கிற செட்டும் கேட்டேன். கேட்டது நான். கடைக்காரன் பதில் சொன்னது என் வீட்டுக்காரருக்கு. "மேடம், நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, சாருக்கு நான் புரிய வைக்கிறேன்" என்றான் ஹிந்தியில். சாருக்கு வீட்டில் ஃபியூஸ் போடத் தெரியாது. எனக்கு வந்ததே கோபம்! செட்டை மட்டும் கொடு, மாட்டுவது என் பாடு என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். நாலு கதவின் உள்அட்டையையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கழற்ற வேண்டும். முதல் கதவிலேயே மூன்று கிளிப் உடைந்தது. ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்ன மோட்டாரைப் பூட்டின் கம்பியோடு சேர்த்து மாட்டி, அதன் வயரைக் கதவு இடுக்கில் இருக்கும் ரப்பர் குழாய் வழியாக உள்ளே இழுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் பெட்டியில் சேர்க்க வேண்டும். நான் தலைகீழாக, கால் இரண்டும் சீட்டின் மேல் இருக்க, வாயில் டார்ச்சோடு கிடந்தேன்.

"ஏட்டி, கடையில குடுத்திருந்தா ரெண்டு மணி நேரத்துல முடிச்சிருப்பான்லா" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க அந்த மஞ்ச வயரைப் பிடிங்க. பேசாம பிடிங்க."

மாமி ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து, அங்கேயே நின்றுவிட்டார். "பொம்மனாட்டி கார் பிரிக்கறதை நான் பாக்கணும். நகரு, வெளிச்சத்தை மறைக்காதே" என்று என் வீட்டுக்காரரைத் தள்ளினார். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "இவ்ளோ குழாயும் வயரும் எனக்குத்தான்னு நெனச்சேன். உன் காருக்கும் டயாலிசிஸா?" என்றார். அவர் அப்படித்தான் பேசுவார்.

முதல் தடவை ரிமோட்டை அழுத்தியபோது இரண்டு கதவு பூட்டிக்கொண்டன, இரண்டு கதவு திறந்துகொண்டன. இரண்டு மோட்டாரில் வயரை மாற்றிக் கொடுத்திருந்தேன். சரி செய்தேன். கடைசியாக அதிர்வு சென்சார். அதில் ஒரு சின்னத் திருகு உண்டு, எவ்வளவு லேசாகத் தொட்டால் அலற வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். நான் அதைக் கடைசி வரை திருகினேன். மட்கார்டில் விரலால் சுண்டினால் போதும், கார் கட்டடமே அதிர ஊளையிட்டது. மாமி கைதட்டினார். நான் வழக்கம் போல நியூட்ரலில் விட்டு, கார் கதவுகளைப் பூட்டி, தலைநிமிர்ந்து மாடி ஏறினேன். ஏன் நியூட்ரலில் விடுகிறோம் என்பது மட்டும் என் புத்தியில் உறைக்கவில்லை. போர்டு டெஸ்ட் செய்கிறவளாம் நான்!

செவ்வாய்க்கிழமை விடிகாலை கார் அலறியது. தூக்கத்தில் எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். மழைக்காகக் கட்டியிருந்த தார்ப்பாய் மறைத்தது, கீழே யார் என்று தெரியவில்லை. எனக்கு ஆபீஸில் கோபம் வந்தால் ஹிந்தி வரும். தூக்கத்தில் கோபம் வந்தால் தாராவித் தமிழ்தான் வரும்.

"எந்தக் களவாணி நாய் அது? கைய முறிச்சு அடுப்புல வச்சுருவேன், பாத்துக்கோ!"

ரிமோட்டை அழுத்தினேன். சத்தம் நின்றது. கீழேயும் ஒரு சத்தமும் இல்லை. பயந்து ஓடிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, திருப்தியாகப் போய்ப் படுத்தேன். கட்டடத்தில் மராத்திக்காரர்களும் சிந்திக்காரர்களும்தான் அதிகம். நான் கத்தியது அவர்கள் யாருக்கும் புரிந்திருக்காது. புரியக்கூடியவர்கள் இரண்டே பேர், அந்த இரண்டு பேரும் என் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

அதன் பிறகு கார் அலறவே இல்லை. பார்த்தீர்களா, அலாரம் மாட்டியதும் திருடன் வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். மாடிப்படியில் மாமியைப் பார்த்தால் "சௌக்கியமா?" என்பார், சிரிப்பார், வேலை இருக்கிறது என்று போய்விடுவார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம். ஆறரை மணிக்கே காரை எடுத்தேன். நல்ல மழை. ரோட்டு முனையில் மாமா கடைப் படுதாவுக்குக் கீழே ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி பாதி ரோட்டுக்கு வந்து, குடையை உயர்த்தி, போகிற ஆட்டோவையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் நிற்கவில்லை. நின்றாலும் ஆட்டோ சயானோடு சரி, அதற்கு மேல் நகருக்குள் ஆட்டோவை விடமாட்டார்கள். அங்கே இறங்கி, மாமாவை ரோடு தாண்டவைத்து, டாக்ஸி பிடிக்க வேண்டும்.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். "என்ன மாமி, கார் என்னாச்சு? ரிப்பேரா?"

"ஒண்ணுமில்லை. ஆட்டோவே சௌகரியமா இருக்கு. நீ போ, உனக்கு நாழியாறது."

மாமா கம்பத்தை விடாமலே சொன்னார். "தொட்டா உன் கார் கத்தறது. அப்பறம் நீ கத்தறே. ரெண்டையும் தாங்கற வயசு இல்லைம்மா எங்களுக்கு."

"சும்மா இருங்கோ" என்றார் மாமி.

"நானா சொன்னேன்? அவதான் அடுப்புல வைப்பேன்னா."

அய்யோ! மழையில் நின்றிருந்த எனக்குக் காது இரண்டும் கொதித்தது. "மாமி, நான்... நீங்கன்னு தெரியாது மாமி, சத்தியமா தெரியாது" என்று உளறினேன். மாமி என் கையைத் தட்டிக்கொடுத்து, "தூக்கத்துல சொன்னதுக்கு என்னடி இப்போ" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

இருவரையும் ஏற்றிக்கொண்டு மாட்டுங்காவுக்கு விரட்டினேன். ஏழேகாலைத் தாண்டிவிட்டது. சென்டரில் இருந்த நர்ஸ் மாமாவின் எடையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். போன வாரமும் இரண்டு நாள் லேட், இந்த வாரம் மூன்று நாளும் முழு நேரம் கிடைக்கவில்லை, உடம்பில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்றாள் ஹிந்தியில். மாமாவின் செருப்பை நான்தான் கழற்றினேன். பாதம் வீங்கி, வாரின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஒரு ஸ்டீரியோவுக்குப் பயந்து நான் செய்த காரியம் அது. வெராண்டாவில் உட்கார்ந்து அழுதேன், ஓவர்டைமுக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலமே அதிர்வு சென்சாரைப் பிடுங்கிப் போட்டேன். பூட்டித் திறக்கும் ரிமோட் மட்டும் இருக்கட்டும் என்று விட்டேன். மாமியைக் கீழே கூட்டி வந்து, காரைத் தட்டிக் காட்டினேன், உதைத்தும் காட்டினேன். "இனிமே இது ஊமை, மாமி. நீங்க உங்க இஷ்டத்துக்குத் தள்ளுங்க" என்றேன். மாமி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்குப் பாரம் இறங்கினாற்போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாமி. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்றார்.

"உன் காரைத் தள்ளிக்கட்டுமா?"

"இதையெல்லாம் கேக்கணுமா மாமி? இத்தன வருஷமா கேட்டா தள்ளுனீங்க?"

"இல்லடி, கேட்டுண்டுடறேனே. அதான் எனக்கு நிம்மதி."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். என்னைக் கண்டு அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்கி ஓடி, காரை நானே தள்ளினேன்.

மாமாவின் கால் வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்துவிட்டது. அவர் என்னை இன்னும் கேலி செய்கிறார். மாமி மட்டும் வாரத்தில் மூன்று நாள் மணி அடிக்கிறார். அவர் படியேறுவதற்குள் கீழே போய் நின்றுவிட வேண்டும் என்று ஐந்தரைக்கு, ஐந்தேகாலுக்கு என்று மொபைலில் நேரம் வைத்து எழுந்து பார்க்கிறேன். ஒரு நாள்கூட அவரை முந்த முடியவில்லை. நான் கதவைத் திறக்கும்போதே வெளியில் நின்றுகொண்டிருக்கிறார்.